வலி போன பிறகும் முட்டிக்குள் நடப்பது

கபடியில் முட்டி திரும்பி, ஜவ்வு கிழிந்து, ஒன்றிரண்டு மாதம் கட்டோடு கிடந்து, வீக்கம் வடிந்ததும் "இப்ப ஒண்ணும் இல்லக்கா, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி களத்தில் இறங்குகிற பையன்களுக்காகவும், அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கோட்டையூர், பள்ளத்தூர், கல்லல், தேவகோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் கோயில் திருவிழா என்றால் ஒரு கபடிப் போட்டி உண்டு, தை பிறந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு உண்டு. விளையாட்டை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அடிபட்ட முட்டிக்கு நாம் கொடுக்கும் கவனம் வலியோடு சேர்ந்து போய்விடுகிறது, அப்படிப் போகக் கூடாது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் காரைக்குடியில் ஒரு லேப்பில் வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுப்பது, சிறுநீர் பார்ப்பது, டாக்டர்கள் வீங்கின முட்டியில் ஊசி போட்டு எடுத்து அனுப்புகிற மூட்டுநீரைப் பார்ப்பது எல்லாம் என் வேலை. எலும்பு மருத்துவம் நான் படித்ததில்லை. ஆனால் கையில் வாங்கும் அந்த நீருக்குள் இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது, நாங்கள் பார்க்காமல் விடுவது எது என்று தேடப் போய், முட்டி அடிக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் நடுவில் இருக்கும் மூலக்கூறுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இதை ஊரில் யாரும் யாருக்கும் சொல்வதில்லையே என்றுதான் இருந்தது.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முட்டியின் முன் குறுக்கு ஜவ்வு, அதாவது டாக்டர்கள் ஏ.சி.எல். என்று சொல்வது, அல்லது அதன் பக்கத்தில் பிறை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ், இவற்றில் ஒன்று கிழிந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு 10 முதல் 20 வருடத்துக்குள் அந்த முட்டியில் தேய்மானம் வந்துவிடுகிறது. சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்து ஆட்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் எழுதியது இது. 20 வயதில் முட்டி திரும்பிய பையன் என்றால், 35, 40 வயதிலேயே படி இறங்கக் கைப்பிடியைத் தேடுவான். வீட்டில் சம்பாதிக்கிறவனும் அவனாகத்தான் இருப்பான், மூட்டு மாற்று அறுவை செய்யலாம் என்றால் அதற்கு வயது ரொம்பச் சின்னது என்று டாக்டர் யோசிப்பார்.

அடி ஆறிவிட்டது, நடக்க முடிகிறது, ஓடவும் முடிகிறது, அப்புறம் ஏன் 15 வருடம் கழித்துத் தேய வேண்டும்? இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் பதில் தேடினேன். வயதானால் தேயும், பாரம் தாங்கித் தாங்கித் தேயும் என்று நாம் நினைத்திருப்பது இதற்குப் போதாது. ஒரே ஆளுக்கு இரண்டு கால், இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே எடை, ஆனால் அடிபட்ட காலில்தான் தேய்மானம் முந்திக்கொண்டு வருகிறது.

முட்டியில் எலும்பின் முனையில் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, அதற்குள் ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாததால் அது கெட ஆரம்பிக்கும்போது வலிக்காது. வலிக்கும்போது அதைச் சுற்றியுள்ள உறையும் அடியில் உள்ள எலும்பும் ஏற்கனவே சிக்கலில் இருக்கும். ரத்தம் இல்லாததால், தோலில் கீறல் பட்டால் ஆறுவது போல அது ஆறாது. இரண்டாவது விஷயம்தான் என்னை உலுக்கியது. குருத்தெலும்பின் எடையில் முக்கால் பங்குக்குப் பக்கம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை இழுத்துப் பிடித்து வைப்பது அக்ரிகன் என்ற பெரிய புரதம். அக்ரிகனை வெளியே போகவிடாமல் கட்டி வைத்திருப்பது இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகள். இந்தக் கொலாஜன் எவ்வளவு நாளைக்கு ஒருமுறை புதிதாகிறது என்று டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழியில் கண்டுபிடித்தார்கள். 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டு சோதனை செய்தபோது காற்றில் கார்பன்-14 ஏறியது, அப்புறம் மெதுவாக இறங்கியது. அந்தந்த வருடத்தில் உடம்பு செய்த திசுவில் அந்தந்த வருடத்துக் கார்பன் அளவு பதிந்துவிடும். மனிதர்களுடைய முட்டிக் குருத்தெலும்பை எடுத்து அதை அளந்து பார்த்தால், அதிலிருக்கும் கொலாஜன் எல்லாம் அவர்கள் சின்னப் பிள்ளைகளாக, வளரும் வயதில் இருந்தபோது செய்தது. வளர்ந்த பிறகு புதிதாகச் செய்ததற்கு அடையாளமே இல்லை. தேய்மானம் வந்த முட்டியிலும் இல்லை. 2016-ல் வந்த ஆய்வு இது.

நம் ஊர்ப் பெரிய வீடுகளின் வளவில், அதாவது உள்முற்றத்தில், நிற்கும் பர்மா தேக்குத் தூண்களை நினைத்துக்கொள்ளுங்கள்: எண்ணெய் பூசலாம், துடைக்கலாம், பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அன்று கொண்டுவந்து நிறுத்தியதுதான், திரும்பக் கொண்டுவர முடியாது. குருத்தெலும்பின் கொலாஜனும் அப்படித்தான். ஆகவே அதை வெட்டுகிற எதுவும் முட்டிக்குள் வந்துவிடக் கூடாது. அடிபட்ட அன்று வருவது அதுதான்.

சரி, அடிபட்ட அன்றைக்கு வருவோம். முட்டி திரும்பிச் சில மணி நேரத்தில் பந்து மாதிரி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அடிபடாத முட்டியில் மூட்டுநீர் சில மில்லி லிட்டர்தான் இருக்கும், வெளிறின வைக்கோல் நிறத்தில், ஊசி முனையிலிருந்து சொட்டவிட்டால் சட்டென்று அறுந்து விழாமல் நான்கைந்து சென்டிமீட்டருக்கு நூல் மாதிரி இழுபடும். நாங்கள் பார்க்கும் முதல் சோதனையே அந்த இழுவைதான், நீருக்கு அந்தக் கொழகொழப்பைத் தரும் ஹையலுரானிக் அமிலம் நல்லபடியாக இருந்தால்தான் அப்படி இழுக்கும். புதிதாக அடிபட்டவனிடமிருந்து வரும் குழாயில் நூலும் இழுக்காது, வைக்கோல் நிறமும் இருக்காது. கருஞ்சிவப்பாக, ரத்தம் மாதிரியே இருக்கும். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் சில குழாய்களில் மேலே சின்னச் சின்னக் கொழுப்புத் துளிகள் மிதக்கும். அது எலும்பு மஜ்ஜையிலிருந்து வருவது, எங்கோ எலும்பில் விரிசல் இருக்கிறது என்று அர்த்தம், உடனே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டிய விஷயம். இவ்வளவும் கண்ணால் பார்ப்பது. செல் எண்ணுவோம், கிருமி இருக்கிறதா பார்ப்போம், படிகம் இருக்கிறதா பார்ப்போம், ரிப்போர்ட் அடிப்போம், முடிந்தது.

நாங்கள் பார்க்காதது என்னவென்றால், அதே குழாயில் ஐ.எல்-6 என்ற அழற்சிப் புரதம் எகிறிக் கிடக்கும். எம்.சி.பி-1 என்று ஒன்று, வெள்ளை அணுக்களை மூட்டுக்குள் கூப்பிடுவது, அதுவும் கூடியிருக்கும். எம்.எம்.பி-3 என்ற வெட்டும் என்சைம் கூடியிருக்கும், அதை அடக்கப் பார்க்கும் டிம்ப்-1 என்ற புரதமும் கூடவே கூடியிருக்கும். லண்டனில் முட்டி அடிபட்டுச் சில வாரங்களே ஆன 150 பேரைச் சேர்த்து நடத்திய கிக் என்ற ஆய்வில், 2016-ல், இதையெல்லாம் அளந்து எழுதினார்கள். அவர்களுடைய ரத்தத்தில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மூட்டுநீரில்தான் அளவுகள் ஏறியிருந்தன. கையில் ரத்தம் எடுத்து முட்டியின் கதையைப் படிக்க முடியாததற்கு இது ஒரு பெரிய காரணம், இதற்குத் திரும்ப வருகிறேன்.

அடுத்து அக்ரிகன். அதை வெட்டுவது அடாம்ட்ஸ் என்ற குடும்பத்து என்சைம்கள், அதில் நான்காவதும் ஐந்தாவதும் முக்கியம். அவை ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வெட்டும், வெட்டின துண்டின் நுனி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் அந்த நுனியைத் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடி செய்து, மூட்டுநீரில் எவ்வளவு துண்டு மிதக்கிறது என்று எண்ணிவிடலாம். 2005-ல் ஐந்தாவது அடாம்ட்ஸ் மரபணு வேலை செய்யாத எலிகளின் முட்டியை அறுவை செய்து நிலைகுலைய வைத்துப் பார்த்தார்கள். மற்ற எலிகளுக்குக் குருத்தெலும்பு கெட்டது போல இவற்றுக்குக் கெடவில்லை. முட்டி ஆடிக்கொண்டேதான் இருந்தது, ஆனாலும் குருத்து பிழைத்தது. தேய்மானத்தில் உராய்வைவிட என்சைமுக்குப் பங்கு பெரிது என்று எனக்குப் புரிந்தது இந்த ஆய்வைப் படித்துத்தான்.

மனிதர்களிடம் லுண்ட் ஆட்கள் 1980களின் கடைசியிலிருந்தே இந்தத் துண்டுகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். அடிபட்ட உடனே அக்ரிகன் துண்டுகள் மூட்டுநீரில் கூடுகின்றன, கொலாஜன் துண்டுகளும் சீக்கிரமே கூடுகின்றன. வருடக்கணக்கில் அவை அடிபடாதவர்களின் அளவுக்கு இறங்குவதில்லை. முட்டி வலிக்கவில்லை, வீக்கம் இல்லை, ஆள் பைக் ஓட்டுகிறான், வேலைக்குப் போகிறான், ஆனால் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டு நடந்துகொண்டிருக்கிறது. இதோடு லூப்ரிசின் என்று ஒரு வழவழப்புப் புரதம், குருத்தின் மேல்பரப்பில் படிந்து உராய்வைக் குறைப்பது, அது ஜவ்வு கிழிந்த முதல் மாதங்களில் குறைந்துபோகிறது. வெட்டுகிறவை கூடி, காப்பது குறைந்திருக்கும் அந்த மாதங்களில்தான் நம் பையன்கள் "வலி போயிருச்சு" என்று காலைத் தரையில் அடித்துப் பார்க்கிறார்கள்.

ஆபரேஷன் செய்துவிட்டால் தேய்மானம் வராது என்று பலர் நம்புகிறார்கள். ஜவ்வு மாற்று அறுவை தேவைப்படுகிறவர்களுக்கு அது தேவைதான், முட்டி நழுவிக்கொண்டே இருந்தால் மெனிஸ்கஸும் சேர்ந்து கிழியும், அதை உங்கள் எலும்பு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் சுவீடனில் கேனான் என்ற ஆய்வில் 18 முதல் 35 வயதுக்குள் இருந்த 121 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உடனே அறுவை, மற்றவர்களுக்கு முதலில் உடற்பயிற்சி சிகிச்சை, வேண்டுமென்றால் பிறகு அறுவை என்று வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்திலும் சரி, ஐந்து வருடத்திலும் சரி, வலியிலோ முட்டி வேலை செய்வதிலோ பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்தாம் வருட எக்ஸ்ரேயில் தேய்மானத்திலும் இல்லை. பயிற்சியில் தொடங்கியவர்களில் சுமார் பாதிப் பேர் ஐந்து வருடத்துக்குள் அறுவைக்குப் போனார்கள், மீதிப் பேருக்குத் தேவைப்படவே இல்லை. அதே ஆட்களின் மூட்டுநீரை 2017-ல் அலசியபோது தெரிந்தது, அறுவையும் முட்டிக்கு இன்னொரு அடி மாதிரிதான். அழற்சிப் புரதங்கள் அறுவை செய்தவர்களிடம் கூடுதல் காலம் உயர்ந்தே இருந்தன. அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் உள்ளே நடக்கும் ரசாயனம் அடங்க நாம் தனியாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, போன வருடம் ஒரு கபடிப் பையன் என்னிடம் "அக்கா, அப்ப அந்த டெஸ்டை எனக்கு எடுத்துப் பாருங்களேன், தேயுதா தேயலையான்னு தெரிஞ்சுக்கிறேன்" என்றான். நியாயமான கேள்விதான். எங்கள் லேப்பில் மட்டும் இல்லை, மதுரைக்கோ சென்னைக்கோ போனாலும் இதற்கென்று மருத்துவர்கள் வழக்கமாக எழுதித் தரும் பரிசோதனை இன்றைக்குக் கிடையாது. ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "மூட்டு முழுப் பரிசோதனை" என்று விளம்பரம் பார்த்துவிட்டு ஆயிரக்கணக்கில் பணத்தோடு வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

உள்ளே நடக்கும் வெட்டை வெளியே காட்டிக்கொடுக்கும் புரதத் துண்டுகளைக் குறியீடு என்பார்கள், அதில் அதிகம் ஆராயப்பட்டது சி.டி.எக்ஸ்-2. கொலாஜன் அறுபடும்போது உதிரும் வால் துண்டு, சிறுநீரில் வந்து சேரும். நல்ல குறியீடு. ஆனால் காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு இருக்கும், அதனால் ஆராய்ச்சியில் காலையில் எழுந்து இரண்டாவது தடவை போகும் சிறுநீரைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். வளர்கிற வயதுப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே மிக அதிகமாக இருக்கும், ஆக 15 வயதுப் பையனுக்கு எடுத்துப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. அதோடு சிறுநீருக்கு இடது முட்டி எது, வலது முட்டி எது, இடுப்பு எது, முதுகெலும்பு எது என்று தெரியாது. எல்லா மூட்டின் துண்டும் ஒன்றாக வந்து சேரும். இன்னொன்று காம்ப் என்ற புரதம், ரத்தத்தில் அளப்பது. குருத்தெலும்பிலிருந்து வருவதுதான், ஆனால் தசைநாரிலிருந்தும் மெனிஸ்கஸிலிருந்தும்கூட வரும், நன்றாக நடந்துவிட்டு வந்தாலே கூடும். குன்றக்குடியில் கூடிப் பழனிக்குப் பாதயாத்திரை போகிற நகரத்தார் கூட்டத்தில் யாரையாவது வழியில் நிறுத்தி ரத்தம் எடுத்தால் அவருக்குக் காம்ப் கூடித்தான் இருக்கும், அவர் முட்டி நன்றாகவே இருக்கலாம்.

ஆகவே ஒரு தடவை எடுக்கும் ஒரு எண்ணை வைத்து ஒரு ஆளுக்கு எதுவும் சொல்ல முடியாது. நூறு பேரை ஒரு பக்கமும் நூறு பேரை இன்னொரு பக்கமும் வைத்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும், தனி ஆளிடம் வரும்போது கலங்கிவிடும். இதனால்தான் இந்தக் குறியீடுகள் ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. விளம்பரப் பரிசோதனையில் வருவதெல்லாம் ஆர்.ஏ. ஃபேக்டர், சி.ஆர்.பி., யூரிக் ஆசிட், கால்சியம், வைட்டமின் டி; அவையெல்லாம் வேறு நோய்களுக்கு, முடக்குவாதத்துக்கோ, கவுட் என்கிற யூரிக் ஆசிட் வாதத்துக்கோ சந்தேகம் இருந்தால் டாக்டர் எழுதித் தருவது. தேய்மானம் இருக்கிறவருக்கு அத்தனையும் சரியாகவே வரலாம். சரியாக வந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முட்டியும் சரியாக இருக்கிறது என்று நம்பிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

எக்ஸ்ரேயும் ரொம்பத் தாமதமாகத்தான் சொல்லும். இன்றைக்கும் டாக்டர்கள் தேய்மானத்தை ஒன்றாம் கட்டம், இரண்டாம் கட்டம் என்று பிரிப்பது 1957-ல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் எழுதி வைத்த முறையில்தான். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பே தெரியாது. இரண்டு எலும்புக்கும் நடுவில் இடைவெளி குறைந்திருக்கிறதா, ஓரத்தில் எலும்பு முளைத்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். அது தெரியும்போது போக வேண்டியது நிறையப் போயிருக்கும்.

நம்பிக்கை தரும் ஒரு ஆய்வும் உண்டு. இங்கிலாந்தில் சிங்ஃபோர்ட் என்ற ஊரில் பெண்களைப் பல வருடங்களாகத் தொடர்ந்து பார்த்து வந்த ஒரு ஆய்வு இருக்கிறது, அவர்களுடைய ரத்தத்தைச் சேமித்தும் வைத்திருந்தார்கள். அதில் பிற்காலத்தில் முட்டித் தேய்மானம் வந்த 100 பேர், வராத 100 பேர் என்று எடுத்து, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு அவர்களின் பழைய ரத்தத்தில் புரதத் துண்டுகளைத் தேடியது. ஆறு துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், எக்ஸ்ரேயில் தெரிவதற்கு 8 வருடம் முன்பே யாருக்கு வரும் என்று ஓரளவு சொல்ல முடிந்தது. 2024-ல் வெளியானது. ஒரே ஒரு புரதத்தை நம்பாமல் சிலவற்றைச் சேர்த்துப் பார்ப்பதுதான் வழி என்று இது காட்டுகிறது. ஆனால் அந்த 200 பேரும் வெள்ளைக்காரப் பெண்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டு, குந்தி உட்கார்ந்து வேலை பார்த்து, வருடா வருடம் பழனிக்கு நடக்கும் நம் ஆட்களின் முட்டியை யாராவது இதே மாதிரி வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து எழுத வேண்டும் என்று மனசாரக் கேட்கிறேன்.

பெண்கள் என்றதும் இதைச் சொல்லாமல் விட முடியாது. முட்டி வலி என்று வருகிற ஆச்சிகளிடம், சின்ன வயதில் முட்டியில் அடிபட்டதுண்டா என்று கேட்டால் உடனே இல்லை என்பார்கள். கொஞ்ச நேரம் ரத்தம் எடுத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தால் வரும். ஒரு ஆச்சி சொன்னார்: "அடியெல்லாம் ஒண்ணும் படலத்தா. பெரிய வீட்டுல ஒரு கல்யாணத்தப்ப வளவு கழுவி விட்டிருந்தாக, ஆத்தங்குடிக் கல்லு ஈரத்துல வழுக்கிட்டு, ஒரு மாசம் காலை ஊன முடியல, எண்ணெய் போட்டு நீவிவிட்டாக, அப்புறம் தானா சரியாப் போச்சு." அதுதான் அடி. ஒரு மாதம் காலை ஊன முடியாத வீக்கம் என்றால் உள்ளே ஏதோ கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆண்பிள்ளை களத்தில் விழுந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம், வீட்டுப் பெண் முற்றத்திலோ மாடிப்படியிலோ விழுந்தால் அது கணக்கிலேயே வருவதில்லை. ஒரே விளையாட்டை ஆடினாலும் பெண்பிள்ளைகளுக்கு ஏ.சி.எல். கிழியும் வாய்ப்பு ஆண்பிள்ளைகளைவிடக் கூடுதல் என்பதும் நன்றாகத் தெரிந்த விஷயம். பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் நம் பெண்கள் கபடி, கோகோ, கால்பந்து என்று இறங்கியிருக்கும் இந்தக் காலத்தில் பயிற்சியாளர்கள் இதை மனதில் வைத்தே தீர வேண்டும்.

இப்போது என்ன செய்வது? குருத்தெலும்பு வெட்டுப்படுவதை நிறுத்தும் மருந்து என்று அங்கீகாரம் பெற்றது இன்று வரை எதுவும் இல்லை. ஆகவே கையில் இருப்பதைத்தான் செய்ய வேண்டும், அதுவும் ஒன்றும் சாதாரணமானது இல்லை.

புதிதாக வீங்கிய முட்டியை யாரையும் நீவ விடாதீர்கள். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும். ஐஸ் வையுங்கள், காலை உயரத் தூக்கி வையுங்கள், எலும்பு மருத்துவரிடம் போங்கள். தொடை முன்பக்கத் தசையைக் கவனியுங்கள்: முட்டி வீங்கியிருந்தால் அந்தத் தசைக்கு மூளையிலிருந்து போகும் கட்டளையே குறைந்துவிடும், சில வாரத்தில் தொடை சிறுத்துப்போகும். ஒரு டேப் எடுத்து இரண்டு தொடையையும் ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள், கண்ணுக்கே தெரியும். முட்டியில் இறங்கும் அதிர்வை வாங்குவது அந்தத் தசைதான், அது திரும்ப வரும் வரை பிசியோதெரபியை விடக்கூடாது. வலி போனதும் பிசியோவை நிறுத்துவதுதான் ஊரில் நடக்கிறது, தசை திரும்பிவர அதற்கு மேலும் மாதங்கள் வேண்டும்.

ஜவ்வு மாற்று அறுவை செய்தவர்கள் 9 மாதம் ஆகும் முன் திரும்பிப் போய் விளையாடக் கூடாது. நார்வேயில் செய்த ஆய்வில், 9 மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இரண்டாவது அடி என்றால் அந்த ரசாயனம் முழுவதும் மறுபடி முதலிலிருந்து. அடுத்த வாரம் பக்கத்து ஊரில் போட்டி, ஆள் குறைகிறது, நீ வந்தால்தான் ஆகும் என்று கூப்பிடுகிற அண்ணன்மார்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள், நீங்கள் கூப்பிட்டால் அவனால் மறுக்க முடியாது.

அடிபடாத பிள்ளைகளுக்கு, ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம் முறையான வார்ம்-அப்: குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்காமல் இறங்கப் பழகுவது, ஒற்றைக் காலில் நிற்பது, ஓடி வந்து சட்டென்று திரும்புவது. இதைத் தொடர்ந்து செய்யும் அணிகளில் ஏ.சி.எல். கிழிவது பாதி அளவுக்குக் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவு ஒன்றும் இல்லை, ஒரு மைதானம் போதும். அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக்கென்றே கல்லூரி இருக்கும் ஊர் இது, அங்கே படிக்கும் மாணவர்கள் சனி ஞாயிறு ஒரு கிராமத்துக்குப் போய் இதைச் சொல்லிக் கொடுத்தால் எவ்வளவு முட்டி தப்பும்.

உடல் எடை. 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் ஏறும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது என்று 2005-ல் அளந்திருக்கிறார்கள். விளையாட்டை விட்டுவிட்டு, சாப்பாட்டை மட்டும் விளையாடின காலத்து அளவிலேயே சாப்பிடுவதுதான் அடிபட்ட பையன்களுக்கு 30 வயதில் நடப்பது. நடப்பது நல்லது. பாதயாத்திரைக்கும் போகலாம், ஆனால் பழைய அடி இருக்கிறவர்கள் தைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டிக்கொண்டு போங்கள், வழியில் முட்டி வீங்கினால் நின்றுவிடுங்கள்.

இன்னொரு ஆசை இருக்கிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் பட்டை இருக்கிறதே, அது வேலை செய்வது மின்வேதியியலில்தான். மின்வேதியியலுக்கென்றே நாட்டின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று, சிக்ரி, நம் காரைக்குடியிலேயே இருக்கிறது, 1948-ல் அடிக்கல் நாட்டியது. முட்டி நீரின் ஒரு சொட்டில் ஐ.எல்-6-உம் அக்ரிகன் துண்டும் எவ்வளவு என்று மாதா மாதம் பார்க்க ஒரு பட்டை வந்தால், யாருக்கு உள்ளே வெட்டு நின்றுவிட்டது, யாருக்கு இன்னும் ஓடுகிறது என்று பார்த்து, பிறகு ஆடவிடலாம். மருந்து கண்டுபிடிக்கிறவர்களும் 15 வருடம் காத்திருக்காமல் ஆறு மாதத்தில் பலன் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வேதியியல் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது இதைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அது வரும் வரை ஒன்று செய்யுங்கள். முட்டியில் அடிபட்ட தேதி, எந்தக் கால், எவ்வளவு நேரத்தில் வீங்கியது, நீர் எடுத்தார்களா, எடுத்தது ரத்தமாக இருந்ததா, எம்.ஆர்.ஐ.யில் என்ன எழுதியிருந்தது, எப்போது மறுபடி ஓடினீர்கள், இத்தனையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ரிப்போர்ட்டைப் போனில் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். எம்.ஆர்.ஐ. படத்தைப் பரணில் சுருட்டிப் போட்டால் வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தட்டையாக வையுங்கள். 15 வருடம் கழித்து முட்டி வலிக்கு டாக்டரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், முதலில் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.